திருகோணமலையில் ஸ்னப்ட்ராகன்: சாடிக்கு ஒரு பாத்தி, தட்டுக்கு ஒரு பாத்தி

உவர்மலை முற்றம் | நவம்பர் 2

வணக்கம். ஸ்னப்ட்ராகன் பூவைத் திருகோணமலையில் வளர்த்துப் பார்த்தவர்கள் இங்கே எவரேனும் இருந்தால் அவர்களுடைய அனுபவத்தை அறிய விரும்புகிறேன். மலையகத்தில் இதனை அன்ரிரைனம் என்றும் சொல்வார்கள். இரு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தினால் வாயைத் திறந்து மூடும் அந்தப் பூவைச் சிறுவயதில் ஒரு முறை பார்த்தவர்களும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடந்த முறை தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமைகளின் பின் விதைத்தேன். மார்ச் தொடக்கத்தில் நாற்றை நட்டேன். சித்திரைப் புத்தாண்டு வந்தபோது செடிகள் முழங்கால் உயரத்தைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆனால் அதற்குள் பூத்துவிட்டன. தண்டு ஈர்க்கைப் போல மெலிந்திருந்தது. ஒரு தண்டில் ஏழெட்டுப் பூக்களுக்கு மேல் இல்லை. இருந்தாலும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்க் கண்ணுக்கு நன்றாக இருந்ததால், மட்டக்களப்பில் நடந்த உறவினர் திருமணத்திற்கு இருபத்தைந்து தண்டுகளை வெட்டி, அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, பேருந்தில் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே பெட்டியைத் திறந்தபோது அத்தனை தண்டுகளின் நுனியும் தூண்டில் முள்ளைப் போல மேல்நோக்கி வளைந்திருந்தன. தண்ணீரில் நிறுத்தி வைத்தும் அவை நிமிரவில்லை. மேசைக்கு வைக்கவே முடியாமல் போயிற்று.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அயல்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக்கின் மேல் மீதிப் பூக்களை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செடிகளுக்கு ஆறு நாட்களுக்கு முன் பூச்சிக்கு மருந்தடித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூக்களையும் அவை தொட்ட மேற்பூச்சையும் உடனே அகற்றிவிட்டேன். எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இந்த மழைக்கு மீண்டும் முயல எண்ணியிருக்கிறேன். வெட்டுப்பூவாகவும் உணவை அலங்கரிக்கும் பூவாகவும் இதனை இங்கே எப்படிச் செய்வது?

சாம்பல்தீவுத் தோட்டம் | நவம்பர் 2

தங்கச்சி, நாற்பது ஆண்டுகளாக இந்த மண்ணில் பயிர் செய்கிறேன். எங்கள் பக்கத்து மண் கடல்மணல். ஊற்றும் தண்ணீர் நின்று பேசாமல் கீழே போய்விடும். ஆவணி வந்தால் கிணற்று நீரில் உவர்ப்புத் தட்டும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மிளகாய்ச் செடியே தலை தொங்கிப் போகிறது. குளிர்நாட்டுப் பூவுக்கு ஏன் இத்தனை பாடு? செவ்வந்தி, வாடாமல்லி, சீனியாஸ் ஆகியவை கேட்காமலே பூக்கின்றனவே.

ஆனாலும் செய்வது என்று முடிவெடுத்துவிட்டால், நீங்கள் விதைத்த காலம்தான் முதற் பிழை என்று சொல்வேன். வெயிலை எதிர்கொள்ள வேண்டிய நேரத்தில் பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள். இங்கே கத்தரிக்கும் தக்காளிக்கும் நாற்றுமேடை போடும் காலத்திலேயே இதனையும் கூரைக்கு அடியில் போட வேண்டும். வாடைக்காற்றின் குளிர் இருக்கும்போதே செடி வளர்ந்து முடிந்துவிட வேண்டும்.

மலையகக் காற்று | நவம்பர் 3

ஐயா சொல்வது மிகச் சரி. நான் நுவரெலியாவில் பசுமைக்கூடத்தில் இந்தப் பூவை வணிகமாகச் செய்கிறேன். ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், அக்கா.

ஸ்னப்ட்ராகன் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் கற்பாறை இடுக்குகளிலும் பழைய மதில்களிலும் இயல்பாக முளைக்கும் செடி. அதற்குப் பிடித்த இரவு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை; பகல் 20 பாகையை ஒட்டி இருந்தால் போதும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இது இயல்பான நிலை. உங்கள் ஊரில் தை மாதத்து இரவுகூட 24 பாகையை ஒட்டியே இருக்கும். சூடு கூடினால் செடி அவசரப்படுகிறது: போதிய இலைகளை விடுவதற்கு முன்னரே மொட்டுக் கட்டுகிறது. அதனால்தான் உங்கள் தண்டு கட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தது. எருப் போதாமையால் வந்த குறை அன்று அது. எனவே எருவை அள்ளிக் கொட்டி அதனைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

அடுத்தது விதையைத் தெரிவுசெய்வது. வெட்டுப்பூ வகைகளை விதை நிறுவனங்கள் நான்கு குழுக்களாகப் பிரித்திருக்கின்றன. முதல் இரு குழுக்கள் குளிர்காலத்துக் குறும்பகலில் பூப்பவை; மூன்றாம், நான்காம் குழுக்கள் வெப்பத்தையும் நீண்ட பகலையும் தாங்குபவை. சான்ரில்லி முதல் இரு குழுக்களைச் சேர்ந்தது. வாய் மூடாமல் விரிந்திருக்கும் மிக அழகான பூ அது. ஆனால் உங்கள் சூட்டில் சாண் உயரத்தில் பூத்துவிடும். ரொக்கெற், பொட்டோமக் போன்ற பின்வரிசை வகைகளையே வாங்குங்கள். பொட்டலத்தில் உயரத்தையும் பாருங்கள். 20 சென்ரிமீற்றர் என்று இருந்தால் அது சட்டியில் வைக்கும் குட்டை வகை, சாடிக்கு உதவாது.

விதைப்பைப் பற்றி: ஒரு கிராமில் ஏறத்தாழ 6,000 விதைகள் இருக்கும். புகையிலைத் தூளைப் போல இருக்கும் அந்த விதையை மண்ணால் மூடவே கூடாது. அது முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். சலித்த உலர்மணலுடன் கலந்து ஈரமான தும்புத்தூளின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிடுங்கள். பூவாளியால் மேலே ஊற்றினால் விதைகளெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். ஆகையால் தட்டின் அடிப்பகுதியைத் தண்ணீரில் சற்று நேரம் வைத்து எடுங்கள். பத்து நாட்களுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். முளைப்பதற்கு உங்கள் ஊர்ச் சூடு தடையே இல்லை. அதன் பின்னர்தான் தொல்லை தொடங்குகிறது.

நுனி வளைந்ததற்கு விடை எளிது. வெட்டிய பின்னும் இந்தத் தண்டு வளர்ந்துகொண்டிருக்கும். புவியீர்ப்புக்கு எதிர்த்திசையை அது தேடும். படுக்க வைத்தால் ஒரு மணித்தியாலத்திலேயே நுனி எழத் தொடங்கிவிடும். இறுகிய வளைவு மீண்டும் நேராகாது. நாங்கள் கொழும்புக்கு அனுப்பும்போதும் வாளியிலோ உயரமான பெட்டியிலோ நிறுத்தியே அனுப்புகிறோம்.

உவர்மலை முற்றம் | நவம்பர் 3

தம்பிக்கு மிகுந்த நன்றி. இதில் பாதியைக் கடந்த ஆண்டு அறிந்திருந்தால் பெட்டியைத் திறந்து வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

ஏன் இத்தனை பாடு என்று ஐயா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்துத் தேவாலயப் பீடத்திற்கும் தை, மாசித் திருமணங்களுக்கும் வரும் நீளத்தண்டுப் பூக்கள் மலையகத்தில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வந்து சேர்கின்றன. ஓர் இரவும் ஒரு பகலும் பயணப்பட்டு வரும் பூ, இங்கே வந்து இரண்டு நாள் நின்றாலே பெரிது. நீளத்தில் நுவரெலியாவை என்னால் வெல்ல முடியாது. ஆனால் விடியற்காலையில் வெட்டிய பூவைக் காலை எட்டு மணிக்குப் பீடத்தில் வைக்க என்னால் முடியும். ஒரு தண்டு ஒரு கிழமை நின்றால் அதற்கு வாங்குபவர் இருக்கிறார். அந்த ஒரு நன்மைக்காகவே முயல்கிறேன்.

நாற்று எழுந்த பின் நுனியைக் கிள்ள வேண்டுமா, விட வேண்டுமா?

மணவறைப் பூக்காரி | நவம்பர் 4

கிள்ளத்தான் வேண்டும், அக்கா. நான் மணவறை அலங்காரம் செய்கிறேன். வீட்டிலும் இருபது சட்டி ஸ்னப்ட்ராகன் வளர்த்திருக்கிறேன். நான்கு சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் ஒரு செடியில் ஐந்தாறு கிளைகள் எழும். கிள்ளாத செடியில் ஒரு தண்டை வெட்டினால் அதன் பிறகு நோஞ்சான் கிளைகளே வரும். ஒரு செடிக்கு ஒரு பூ என்றால் அது கட்டுப்படியாகுமா?

மலையகக் காற்று | நவம்பர் 4

அக்கா சொல்வது எங்கள் ஊருக்குப் பொருந்தும். திருகோணமலைக்குப் பொருந்தாது என்பது என் துணிபு. கிள்ளினால் பூப்பது இரண்டு மூன்று கிழமைகள் பிந்தும். எங்களுக்கு அது பெரிய காரியம் அல்ல. உங்களுக்கோ மாசி முடிந்தால் கதை முடிந்தது. பெப்ரவரி நடுப்பகுதியில் பூக்க வேண்டியது மார்ச்சின் சூட்டில் போய் விழும். அத்துடன், ஒரு வேரின் வலு ஐந்து தண்டுகளுக்குப் பிரியும்போது ஒவ்வொன்றும் மெலியும். மெலிவே உங்கள் ஊரில் முதற் குறை. கிள்ளாமல், 10 முதல் 12 சென்ரிமீற்றர் இடைவெளியில் நெருக்கமாக நட்டு, ஒரு செடிக்கு ஒரு தண்டு என்று எடுத்துவிட்டு, பாத்தியை அழித்துவிடுங்கள். விதைதான் மலிவாயிற்றே, ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. இடமும் காலமும்தான் உங்களுக்கு அருமை.

தாவரவியல் வாத்தியார் | நவம்பர் 5

கிள்ளும் விவாதத்தில் நான் தம்பியின் பக்கம். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ஸ்னப்ட்ராகன் நீண்ட பகலில் விரைந்து பூக்கும் செடிதான். ஆனால் நமது ஊரில் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணித்தியாலத்திற்குக் குறைவதில்லை; மிக நீண்ட பகலும் பன்னிரண்டே முக்காலைத் தாண்டுவதில்லை. ஐரோப்பாவில் மார்கழிக்கும் ஆனிக்கும் இடையே எட்டு மணித்தியாலமும் அதற்கு மேலும்கூட வேறுபாடு வருவதால் அந்தக் குழுப் பிரிவு அவர்களுக்கு அத்தனை முக்கியமாயிற்று. நமக்குப் பகலின் நீளம் ஏறக்குறைய ஒன்றே. வெப்பநிலைதான் தீர்ப்பு வழங்குகிறது. ஆகவே பின்வரிசைக் குழுக்களை நாம் நாடுவது அவற்றின் பகல் கணக்குக்காக அன்று, வெப்பத்தைத் தாங்கும் இயல்புக்காகவே.

இன்னொன்று. பூத்த செடியில் விதை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைக்கலாம் என்று பலர் எண்ணுவர். கடைகளில் கிடைக்கும் வெட்டுப்பூ வகைகளிற் பெரும்பாலானவை முதல் தலைமுறைக் கலப்பினங்கள். அவற்றின் விதை தாயைப் போல வராது. சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும், அந்த இளஞ்சிவப்பைத் தன்னுள் கலந்தால் ஒரு பங்கு சிவப்பு, இரு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை என்று பிரியும் என மாணவருக்கு நாம் கற்பிக்கும் பாடத்தின் நாயகனே இந்தப் பூதான். டார்வினும் இதனை வளர்த்தார். வாய் இல்லாமல் குழலைப் போல எல்லாப் பக்கமும் ஒத்திருக்கும் ஸ்னப்ட்ராகனைச் சாதாரணப் பூவுடன் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் சாதாரணப் பூவாகவே வர, அடுத்த தலைமுறையில் மறைந்த வடிவம் மீண்டும் தோன்றியதை 1868இல் வெளியான நூலில் பதிந்திருக்கிறார். பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலின் கட்டுரை 1866இலேயே வந்திருந்தும் அந்த எண்ணிக்கைக்கு உள்ளே இருந்த விதியை டார்வின் காணவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிலிர்ப்பு ஏற்படும்.

கிண்ணியா அடுப்படி | நவம்பர் 6

அஸ்ஸலாமு அலைக்கும். உவர்மலை அக்கா, கேக் விடயத்தில் நீங்கள் உடனே பூவை அகற்றியது மிக நல்ல காரியம். நான் வீட்டில் இருந்து வட்டிலப்பமும் கேக்கும் செய்து கொடுப்பவள். தட்டுக்கு வைக்கும் பூவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்னப்ட்ராகன் உண்ணத்தக்க பூக்களின் வரிசையில் வருவது உண்மை. ஆனால் சுவைக்காக அதனை எவரும் தேடுவதில்லை. சில நிறங்கள் வெறும் இலையைக் கடித்ததைப் போல இருக்கும்; சில கசக்கும். என் நாவுக்குக் கடும் சிவப்புப் பூவே மஞ்சளைவிடக் கூடுதலாகக் கசந்தது. புதிய விதையில் பூத்தால் ஒரு இதழைக் கிள்ளிச் சுவைத்துப் பார்த்த பின்னரே பிறருக்குக் கொடுப்பேன். இது கண்ணுக்கான பூ. பனங்கட்டியின் கருநிறத்தில் இருக்கும் வட்டிலப்பத்தின் நடுவே ஒரே ஒரு மஞ்சள் பூவை வாய் மேலே தெரிய வைத்தால் அதற்கு மேல் எந்த அலங்காரமும் வேண்டியதில்லை.

காலையில் பனி உலர்ந்த பிறகு பறிக்க வேண்டும். பச்சைப் புல்லியைப் பிடித்துக்கொண்டு பூவை மெல்ல இழுத்தால் குழல் முழுதாகக் கழன்று வரும். வாயைத் திறந்து உள்ளே இருக்கும் மகரந்தத் தாள்களையும் சூல்தண்டையும் அகற்றிவிடுவேன்; கசப்பு குறையும், மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது பாதுகாப்பு. உள்ளே சிறு எறும்பு ஒளிந்திருக்கும் என்பதால் குளிர்ந்த நீரில் ஒரு முறை அமிழ்த்தி எடுத்து, ஈரத்துணி விரித்த மூடிப் பெட்டியில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. சூடான உணவின் மேல் வைத்தால் நிமிடத்தில் சுருங்கும். பரிமாறும் கடைசி நொடியிலேயே வைக்க வேண்டும். ஒவ்வாமையோ தொய்வு நோயோ உள்ளவர்கள் பூவை உண்ணாமல் ஒதுக்கி வைப்பது நல்லது. அதை நான் வாங்குபவரிடம் சொல்லியே கொடுப்பேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: சாடிக்கு வளர்த்த பூ தட்டுக்கு வரக்கூடாது. பூக்கடையில் வாங்கிய பூவும் வரக்கூடாது.

மலையகக் காற்று | நவம்பர் 6

தங்கையின் கடைசி வரியை எல்லோரும் இரண்டு முறை வாசிக்க வேண்டுகிறேன். வெட்டுப்பூவுக்கு நாங்கள் அடிக்கும் கிருமிநாசினிகளிற் பல செடியின் சாற்றுக்குள் புகுந்து நிற்பவை. கழுவினால் அவை போகா. தவிர, வெட்டிய பின் பூ உதிராமல் இருக்க வெள்ளி சேர்ந்த கரைசலில் தண்டை நிறுத்தும் வழக்கமும் மலர் வணிகத்தில் உண்டு. அது சாடிக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது.

ஆகவே கிள்ளும் விவாதத்திற்கும் ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. இரண்டு பாத்திகள் போடுங்கள். சாடிப் பாத்தியில் கிள்ள வேண்டாம். தட்டுப் பாத்தியில் தண்டின் நீளம் எவருக்கும் வேண்டியதில்லை, பூக்களின் எண்ணிக்கையே வேண்டும். அங்கே மணவறைப் பூக்காரி அக்கா சொன்னபடி கிள்ளி, 25 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, எந்த மருந்தும் தொடாமல் வளருங்கள். அங்கே குட்டை வகையும் தாராளமாகப் போதும். மருந்தடிக்கும் தெளிகருவியைக்கூட இரண்டுக்கும் பொதுவாக வைக்காதீர்கள்.

நிலாவெளிச் சமையற்கட்டு | நவம்பர் 8

நான் கடற்கரை விடுதி ஒன்றில் சமையலில் இருக்கிறேன். தட்டுப் பூ விற்கலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டவர் நிறைவது மே முதல் செப்ரெம்பர் வரை; கடல் அமைதியாக இருக்கும் காலம் அதுதான். உங்கள் ஸ்னப்ட்ராகன் பூப்பதோ பெப்ரவரி, மார்ச்சில். பூ இருக்கும்போது விருந்தினர் குறைவு. விருந்தினர் வரும்போது பூ இல்லை. வெளியே 34 பாகை வெயில் அடிக்கும் வைகாசியில் இந்தப் பூவை எவராலும் தர முடியாது.

அக்காலத்தில் நான் பயன்படுத்துவது காக்கணம்பூ, செவ்வரத்தை இதழ், முருங்கைப்பூ ஆகியவை. காக்கணத்தை ஊறவைத்த நீல நீரில் தேசிக்காய் பிழிந்தால் ஊதாவாக மாறும். விருந்தினர் அதைப் பார்த்து மகிழ்வார்கள். இவை மூன்றும் எங்கள் வேலிகளிலேயே இருக்கின்றன. மருந்தடிக்காத வேலி என்று தெரிந்தால் மட்டுமே வாங்குகிறேன்.

அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தட்டில் வைக்கக்கூடாது. அலரி, மஞ்சள் அலரி, கார்த்திகைப்பூ, ஊமத்தை, எருக்கு, பட்டிப்பூ ஆகியவை நஞ்சு. மஞ்சள் அலரி இதயத்தையே நிறுத்தக்கூடியது என்பது நமது பகுதியில் எல்லோரும் அறிந்த துயரம். புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி மஞ்சள் அலரிப்பூவைப் பழத்தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றபோது என் கை நடுங்கிற்று. அன்றிலிருந்து எங்கள் சமையற்கட்டில் எந்தப் பூ உள்ளே வரலாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

உவர்மலை முற்றம் | டிசெம்பர் 21

சொன்னபடி நவம்பர் 5ஆம் திகதி இரண்டு ரெஜிபோம் பெட்டிகளில் விதைத்தேன். எட்டாம் நாள் முளைத்தன. அடைமழை தொடங்கிய கிழமையில் கூரை ஒழுகி ஒரு பெட்டி நனைந்தது. மறுநாள் காலை நாற்றுகள் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தன; தண்டின் அடி நூலைப் போல் இறுகிக் கறுத்திருந்தது. அந்தப் பெட்டியில் முக்கால் பங்கு போயிற்று. மற்றப் பெட்டியை உடனே காற்றோட்டமுள்ள விறாந்தைக்கு மாற்றி, இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் விட்டேன், அது தப்பியது.

நேற்று 140 நாற்றுகளைச் சாடிப் பாத்தியிலும் 30 நாற்றுகளைத் தட்டுப் பாத்தியிலும் நட்டேன். மணலோடு உக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் சரிபாதி கலந்து, பாத்தியை ஒரு முழம் உயர்த்தியிருக்கிறேன். வாடைக்காற்றில் தண்டு சாயாதிருக்க, மீனவர் ஒருவரிடம் திருக்கை பிடிக்கும் பழைய பெருங்கண் வலை ஒன்றை வாங்கி, உப்புப் போக நன்னீரில் மூன்று முறை அலசி, பாத்திக்கு மேல் கிடையாகக் கட்டிவிட்டேன். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு செடி எழுந்து வரும்.

மலையகக் காற்று | டிசெம்பர் 21

வலை யோசனை அருமை. செடி உயர உயர வலையையும் மேலே தூக்கிக் கட்டுங்கள். சாய்ந்த தண்டு சாய்ந்தபடியே நிமிர முயன்று வளைந்துவிடும்; வெட்டும் முன்னரே அதே தூண்டில் முள் கதைதான்.

உவர்மலை முற்றம் | ஜனவரி 19

ஒரு சந்தேகம். சில இலைகளின் மேற்பக்கத்தில் மங்கிய மஞ்சட் புள்ளி. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சொக்லேற் நிறத்தில் வட்டமாகப் பொருக்கு. விரலால் தேய்த்தால் தூள் ஒட்டுகிறது. தட்டுப் பாத்தியின் நுனிகளில் அழுக்கணவன் பூச்சியும் இருக்கிறது.

தாவரவியல் வாத்தியார் | ஜனவரி 19

அது துரு நோய். பக்சினியா அன்ரிரைனி என்ற பூஞ்சணம் இந்தச் செடிக்கென்றே அமைந்தது. உங்கள் மிளகாய்க்கோ கத்தரிக்கோ தொற்றாது. இலை பல மணித்தியாலம் ஈரமாக இருந்தால்தான் அதன் வித்தி முளைக்கும். ஆகவே மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்தி, காலையில் அடியில் மட்டும் ஊற்றுங்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். பாத்திக்கு அருகில் போட வேண்டாம்.

அழுக்கணவனைத் தண்ணீர் பீச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். அதனையும் காலையிலேயே செய்யுங்கள். வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிட வேண்டும். தட்டுப் பாத்திக்கு வேப்பெண்ணெய்கூட வேண்டாம். கசப்பு பூவில் தங்கிவிடும்.

உவர்மலை முற்றம் | பெப்ரவரி 23

எல்லோருக்கும் மகிழ்ச்சியான செய்தி. பெப்ரவரி 14ஆம் திகதி முதல் தண்டை வெட்டினேன். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு பூக்கள் விரிந்ததும் வெட்ட வேண்டும் என்று தம்பி தனிமடலில் சொல்லியிருந்தார், அப்படியே செய்தேன். நட்ட 140இல் 112 தண்டுகள் வெட்டத்தக்கனவாக வந்தன. நீளம் 50 முதல் 55 சென்ரிமீற்றர் வரை. நுவரெலியாத் தண்டின் முக்கால் அளவுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பென்சில் அளவுக்குத் தடித்திருந்தன, பதினைந்து இருபது பூக்கள் இருந்தன.

ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை ஏழரை மணியளவில் ஒரு பெரிய கருவண்டு வந்து மஞ்சள் பூவின் கீழுதட்டில் கனமாக அமர்ந்தது. அமர்ந்ததும் வாய் திறந்தது; வண்டு தோள்வரை உள்ளே நுழைந்து, நெளிந்து, பின்வாங்கி வெளியே வந்தபோது அதன் கரிய முதுகில் மஞ்சள் மா அப்பியிருந்தது. சிறு தேனீக்கள் அதே உதட்டில் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. அவற்றின் எடைக்கு வாய் திறக்கவில்லை. ஆனால் வண்டு போய்வந்த பூக்கள் இரண்டு மூன்று நாட்களில் தாமாகவே கழன்று விழுந்தன. பக்கத்துப் பூக்கள் அப்படியே நின்றன.

தாவரவியல் வாத்தியார் | பெப்ரவரி 23

நீங்கள் கண்டது மிகச் சரி. கருக்கட்டிய பூவுக்கு இனி இதழ் வேண்டியதில்லை. எதிலீன் வாயுவைச் சுரந்து இதழை உதிர்த்துவிடுகிறது. பழுக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் விடுவதும் அதே வாயுதான். ஆகவே வெட்டிய பூவைப் பழக்கூடைக்கு அருகில் ஒருபோதும் வைக்காதீர்கள். வண்டு வருமுன் வெட்டிவிடுவது உங்கள் சாடிப் பாத்திக்கு நல்லது.

மணவறைப் பூக்காரி | பெப்ரவரி 24

அக்காவிடம் நாற்பது தண்டு வாங்கி மாசித் திருமணம் ஒன்றுக்கு வைத்தேன். ஆறாம் நாளிலும் மேல்மொட்டுகள் விரிந்துகொண்டிருந்தன. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, அரைத் தேக்கரண்டி துணி வெளுக்கும் குளோரின் நீர் என்று கலந்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றினேன். கிள்ள வேண்டும் என்று நான் சொன்னது சாடிப் பாத்திக்குப் பிழையான ஆலோசனை. தம்பி சொன்னதே இந்த ஊருக்குச் சரி.

கிண்ணியா அடுப்படி | பெப்ரவரி 26

தட்டுப் பாத்தியில் இருந்து அக்கா மூன்று முறை பூக் கொடுத்துவிட்டார். இளஞ்சிவப்பு கசக்கவே இல்லை. கசந்த வெண்ணிற வகையை முட்டை வெண்கருவில் தோய்த்துப் பொடிச்சீனி தூவி உலர்த்தினேன். கசப்பு அடங்கி, கேக்கின் மேல் கண்ணாடிப் பூவைப் போல நின்றது. வெண்கரு பச்சையாக இருப்பதால் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதனைக் கொடுக்கவில்லை.

உவர்மலை முற்றம் | மார்ச் 27

இன்று இரண்டு பாத்திகளையும் பிடுங்கிவிட்டேன். மார்ச் 10க்குப் பின் வந்த தண்டுகள் 30 சென்ரிமீற்றரைத் தாண்டவில்லை. பக்கக்கிளைகளில் பூ இடைவெளி விட்டு ஒன்றிரண்டாய் வந்தது. கிடுகு கட்டி நிழல் கொடுத்துப் பார்த்தேன். பகற்சூடு சற்றுத் தணிந்தாலும் இரவுச் சூட்டை நிழல் தணிக்கவில்லை. தண்டு மேலும் மெலிந்ததுதான் மிச்சம். அந்தப் பாத்தியில் இப்போது செவ்வந்தி நட்டிருக்கிறேன். வேலியோரம் காக்கணம் ஏறுகிறது, நிலாவெளித் தம்பிக்கு வைகாசியில் கொடுப்பதற்கு.

சாம்பல்தீவுத் தோட்டம் | மார்ச் 28

தங்கச்சி, போன கிழமை தேவாலயத்தில் உங்கள் பூவைப் பார்த்தேன். வரும் ஐப்பசியில் விதைக்கும்போது எனக்கும் ஒரு பெட்டி போட்டு வையுங்கள். வலை என்னிடம் இருக்கிறது.

உவர்மலை முற்றம் | மார்ச் 28

கட்டாயம், ஐயா. மீதி விதையைச் சிறு போத்தலில் அரிசியோடு போட்டு இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஒக்ரோபர் 25இலேயே விதைக்கப் போகிறேன், விறாந்தையில். நாற்று டிசெம்பர் முதற் கிழமையில் உங்கள் கைக்கு வரும். அதற்குள் பாத்தியை உயர்த்தி வையுங்கள்.